மதிய ஊசியை யார் போடுவது?

கேள்வி: ஏற்காடு ஒன்றியத்தில் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஒன்றில் ஆசிரியையாக இருக்கிறேன். ஈராசிரியர் பள்ளி, தலைமையாசிரியரும் நானும்தான். ஐந்தாம் வகுப்பில் பத்து வயதுப் பெண் ஒருத்திக்கு டைப் 1 சர்க்கரை நோய். சேலம் பெரியாஸ்பத்திரியில் பார்க்கிறார்கள். இதுவரை காலையும் இரவும் வீட்டில் இன்சுலின் ஊசி. இப்போது மதியமும் ஒன்று சேர்த்திருக்கிறார்கள். அம்மா காப்பித் தோட்டத்தில் வேலை, மதியம் வர முடியாது. "நீங்களே போட்டு விட்டுடுங்க டீச்சர்" என்று மருந்தையும் சிரிஞ்சையும் பையில் கொடுத்தனுப்புகிறார். தலைமையாசிரியரோ, "ஏதாவது ஆனா நாமதான் பதில் சொல்லணும், தொடாதீங்க" என்கிறார். ஊசி போடுவது என் வேலையா? வெளிநாட்டில் பள்ளிக்கூடத்துக்கென்றே நர்ஸ் உண்டாமே? இன்னொரு பையன் வீசிங்குக்கு பம்ப் வைத்திருக்கிறான். காய்ச்சல் என்று வரும் பிள்ளைகளுக்கு பாராசிட்டமால் கொடுத்துப் படுக்க வைக்கிறோம். அதுவும் தப்பா?

குழந்தைகள் நல மருத்துவரின் பதில்:

டீச்சர், ஊசி போடுவது ஆசிரியர் வேலையில் சேர்ந்தது அல்ல. மாட்டேன் என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஆனால் அந்தப் பிள்ளை மதியம் ஊசி இல்லாமல் சாப்பிடுவதையும், ஊசி இல்லையே என்று சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பதையும் ஒரு பள்ளிக்கூடம் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. நீங்கள் இல்லையென்றால் வேறு யார் என்பதைத் தலைமையாசிரியர் சொல்லியாக வேண்டும். "தொடாதீங்க" என்பதோடு அவர் பொறுப்பு முடிந்துவிடாது.

என் யோசனை இது. ஊசியை அந்தப் பெண்ணே போட்டுக்கொள்ளட்டும். நீங்கள் பக்கத்தில் நின்று அளவைச் சரிபாருங்கள். பத்து வயதில் தாங்களாகவே வயிற்றிலோ தொடையிலோ போட்டுக்கொள்ளும் பிள்ளைகள் நிறையப் பேர் உண்டு. கை நடுங்காமல் போடப் பழகிவிடுவார்கள். எத்தனை யூனிட் என்று முடிவெடுக்கிற வயதுதான் அது இல்லை. அந்த முடிவு மருத்துவருடையது. உங்களுடையதும் இல்லை, அவள் அம்மாவுடையதும் இல்லை. மருத்துவர் எழுதியதும் சிரிஞ்சில் ஏறியதும் ஒன்றா என்று பார்க்க ஒரு பெரியவர் வேண்டும், அவ்வளவுதான். அதைச் செய்ய நர்ஸ் படிப்பு தேவையில்லை, ஒரு நாள் பயிற்சி போதும்.

அதற்காக நாளைக்கே அந்தப் பையைத் திறந்துவிடாதீர்கள். முதலில் ஒரு காகிதம் வேண்டும். அடுத்த முறை அவர்கள் சேலத்துக்கு இறங்கும்போது, பள்ளிக்கூடத்துக்கென்று தமிழில் ஒரு பக்கம் எழுதி, கையெழுத்தும் முத்திரையும் போட்டு வாங்கி வரச் சொல்லுங்கள். அதில் மருந்தின் பெயர், எத்தனை யூனிட், சாப்பாட்டுக்கு எவ்வளவு நேரம் முன்னால், சர்க்கரை எவ்வளவுக்குக் கீழே இருந்தால் போடக்கூடாது, யாருக்கு போன் செய்வது எல்லாம் இருக்க வேண்டும். முடிந்தால் நீங்களும் ஒரு சனிக்கிழமை கூடவே போய் வாருங்கள். வார்டில் இருக்கும் சிஸ்டர் பத்து நிமிடம் கையில் வைத்துக் காட்டினால் நான் பத்து பக்கம் எழுதுவதைவிடப் புரியும்.

மருந்தின் பெயரை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இன்சுலின் என்பது ஒரே மருந்து அல்ல. அரசு மருத்துவமனைகளில் அதிகம் கொடுக்கப்படும் ரெகுலர் இன்சுலின் என்றால் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் போட வேண்டும். லிஸ்ப்ரோ, அஸ்பார்ட் என்று பெயர் இருந்தால் அது வேகமாக வேலை செய்யும். தட்டில் சோறு விழுந்த பிறகு போடலாம். இரண்டும் பாட்டிலில் தண்ணீர் மாதிரிதான் தெரியும். இப்போது யோசித்துப் பாருங்கள். அவளுக்கு ரெகுலர் இன்சுலினைப் பன்னிரண்டு மணிக்குப் போட்டாயிற்று. அன்றைக்கு என்று பார்த்து கேஸ் தீர்ந்துபோய், சத்துணவு தயாராக ஒன்றேகால் ஆகிறது. உள்ளே போன மருந்து உலைக்காகக் காத்திருக்காது. சர்க்கரை இறங்கத் தொடங்கிவிடும். ஆகவே ஊசிக்கு முன்னால் நீங்கள் போய் எட்டிப் பார்க்க வேண்டிய இடம் சமையலறை. "அரிசி வெந்துடுச்சா அக்கா?" என்று கேட்டு, ஆமாம் என்ற பிறகுதான் சிரிஞ்சை எடுக்க வேண்டும்.

சிரிஞ்சின் மூடி என்ன நிறம் என்றும் பாருங்கள். நம் ஊரில் பாட்டிலில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. இன்சுலின் பேனாவில் போடும் கார்ட்ரிட்ஜில் ஒரு மில்லிக்கு 100 யூனிட். அந்த அளவுக்கான சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. பாட்டில் லேபிளில் இருக்கும் எண்ணும் சிரிஞ்சில் இருக்கும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். 100 யூனிட் மருந்தை சிவப்பு மூடி சிரிஞ்சில் 8 என்ற கோடு வரை இழுத்தால், உள்ளே போவது 8 அல்ல, 20 யூனிட். பத்து வயதுப் பிள்ளையை ஐ.சி.யூ.வில் படுக்க வைக்க அது போதும். மருந்துக்கடையில் சிவப்பு தீர்ந்துவிட்டது என்று ஆரஞ்சைக் கொடுத்தனுப்புவார்கள். பார்த்ததும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் கேட்கிறேன். அவள் காலையில் எங்கே சாப்பிடுகிறாள்? 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும் ஒன்று முதல் ஐந்து வரை காலை உணவு உண்டு. நல்ல திட்டம், மலைப் பிள்ளைகளுக்கு ரொம்பவே நல்ல திட்டம். ஆனால் இவளுடைய அம்மா ஏழு மணிக்குள் தோட்டத்துக்குக் கிளம்ப வேண்டும் என்றால் ஆறே முக்காலுக்கு ஊசி போட்டிருப்பார். பிள்ளை பள்ளியில்தான் உப்புமா, பொங்கல் கிடைக்குமே என்று வெறும் காப்பியோடு கிளம்பி, தோட்டத்துக்குள் ஏறி இறங்கி நடந்து வந்து, எட்டரைக்குச் சாப்பிடுகிறாளா? ஊசிக்கும் சாப்பாட்டுக்கும் நடுவே ஒன்றே முக்கால் மணி நேரம், அதிலும் ஏற்றத்தில் நடை. நடை தன் பங்குக்குச் சர்க்கரையைக் குறைக்கும். மதிய ஊசியைவிட இந்தக் காலை இடைவெளிதான் எனக்குக் கவலை தருகிறது. அப்படித்தான் நடக்கிறது என்றால் மருத்துவரிடம் சொல்லி, ஒன்று வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டு வரட்டும், இல்லையென்றால் காலை ஊசியையும் பள்ளிக்கு மாற்றட்டும். காலை உணவு சமைக்கும் சுய உதவிக் குழுப் பெண்களுக்கும் இவளைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும்.

சர்க்கரை இறங்கினால் எப்படித் தெரியும்? கை நடுங்கும், பசிக்கும், முகம் வெளிறும், காரணமில்லாமல் எரிந்து விழுவாள், கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாத பதில் வரும். மார்கழியில் ஸ்வெட்டர் போட்டு எல்லோரும் ஒடுங்கி உட்கார்ந்திருக்க, ஒரு பிள்ளைக்கு மட்டும் நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றால் வேறு யோசனையே வேண்டாம். குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே என்றால் இரண்டு மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள். ஸ்ட்ரிப் இல்லையென்றால் குறைந்துவிட்டது என்றே வைத்துக்கொண்டு கொடுங்கள். பதினைந்து நிமிடம் கழித்துத் திரும்பவும் பாருங்கள். ஏறவில்லையென்றால் இன்னொரு முறை. பிஸ்கட்டும் சாக்லேட்டும் அந்த நேரத்துக்கு உதவாது, மெதுவாகத்தான் ஏறும். சர்க்கரை ஏறிய பிறகு பிஸ்கட் கொடுக்கலாம். நினைவு தப்பிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். மலையில் 108 வந்து சேர எவ்வளவு நேரமாகும் என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். அதனால் சர்க்கரையை ஏற்றும் குளுக்ககான் ஊசி கைவசம் வைக்க வழியுண்டா என்று மருத்துவரிடம் கேளுங்கள். விலை கூடுதல்தான், கேட்டு வைப்பதில் தப்பில்லை. ஒருபோதும் செய்யக் கூடாதது, "உடம்பு சரியில்லையா, வீட்டுக்குப் போ" என்று தனியாக அனுப்புவது. ஆபீஸ் ரூமுக்குக்கூட துணையோடுதான் அனுப்ப வேண்டும்.

இன்னொன்று, சர்க்கரை டப்பா பீரோவுக்குள் பூட்டி இருக்கக் கூடாது. சாவி தலைமையாசிரியரின் பைக்கில் ஏறி வட்டார வள மையத்துக்குப் பயிற்சிக்குப் போய்விட்டால் என்ன செய்வீர்கள்? ஊசியைப் பூட்டி வையுங்கள், சர்க்கரையை மேஜை மேல் வையுங்கள்.

மருந்து கெட்டுப்போகுமோ என்ற பயம் உங்களுக்கு அதிகம் வேண்டாம். திறந்த பாட்டிலை ஏற்காட்டுச் சீதோஷ்ணத்தில் ஃபிரிட்ஜ் இல்லாமலே நான்கு வாரம் வைத்துக்கொள்ளலாம். ஜன்னல் வெயிலும் அடுப்புச் சூடும் படாமல் இருந்தால் சரி. கீழே சேலத்தில் சித்திரை வெயிலில் இந்தச் சலுகை கிடையாது. அங்கே ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டுக்கு ஈர மணலில் வைத்த மண்பானையைச் சொல்வோம். பள்ளிக்கென்று தனி பாட்டில் ஒன்று இருந்தால் தினமும் பையில் குலுங்கிக்கொண்டு வர வேண்டாம். போட்டு முடித்த ஊசிகளை ஒரு கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்துவிடுங்கள்.

இனி தலைமையாசிரியரின் பயம். அதை நான் கேலி செய்யவில்லை. 2023 மார்ச்சில் உதகையில் ஒரு பள்ளியில் மாணவர்கள் இரும்புச் சத்து மாத்திரையை யார் அதிகம் தின்பது என்று போட்டி போட்டதில் ஒரு பெண் இறந்துபோனாள். அதற்குப் பிறகு மாத்திரை என்றாலே பள்ளிகளில் கை உதறுகிறது. ஆனால் அந்தச் சம்பவத்திலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது, அட்டையைப் பிள்ளைகள் கைக்குப் போக விடக்கூடாது, ஒவ்வொரு மாத்திரையும் ஆசிரியர் கண் முன்னால் விழுங்கப்பட வேண்டும் என்பதுதான். ஆசிரியர் மருந்தே தொடக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. வளரிளம் பிள்ளைகளுக்கு வாராவாரம் அந்த நீல மாத்திரையை யார் கொடுக்கிறார்கள்? பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் குடற்புழு நீக்க அல்பெண்டசோலை மென்று தின்னச் சொல்லி நிற்பது யார்? உங்கள் ஆட்கள்தானே. அரசாங்கம் கொடுக்கச் சொன்னால் மருந்து, ஒரு பிள்ளையின் அம்மா கேட்டால் வம்பு என்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

சட்டத்தில் ஒரு விஷயம் தெரிந்துகொள்ளட்டும். பன்னிரண்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையின் நன்மைக்காக, பெற்றோரின் சம்மதத்தோடு, நல்லெண்ணத்தில் செய்யும் காரியத்தால் தீங்கு நேர்ந்தால் அது குற்றம் ஆகாது என்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 27-வது பிரிவு சொல்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 89. இதற்கு விதிவிலக்குகள் உண்டு, அஜாக்கிரதைக்கு இது கவசமும் ஆகாது. அதனால்தான் காகிதம் கேட்கிறேன். மருத்துவர் எழுதியது ஒன்று, அம்மாவின் கையெழுத்தோ கைரேகையோ உள்ள சம்மதக் கடிதம் ஒன்று, பிறகு நாற்பது பக்க நோட்டு ஒன்று. நோட்டில் தேதி, நேரம், சர்க்கரை அளவு, எத்தனை யூனிட், சாப்பிட்டாளா என்று ஒரு வரி. கூடவே வட்டாரக் கல்வி அலுவலருக்கு, "இப்படி ஒரு மாணவி இருக்கிறாள், இந்த ஏற்பாட்டைச் செய்திருக்கிறோம்" என்று ஒரு கடிதம். நகல் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அலுவலருக்கு. தலைமையாசிரியரே கையெழுத்துப் போட்டு அனுப்பட்டும். அவர் பயம் பாதி அங்கேயே இறங்கிவிடும்.

ஈராசிரியர் பள்ளி என்பதால், நீங்கள் லீவு போடும் நாளுக்கும் ஆள் வேண்டும். தலைமையாசிரியரும் கற்றுக்கொள்ளட்டும். அவர் மாட்டவே மாட்டேன் என்றால் சத்துணவு அமைப்பாளரைக் கேளுங்கள். விருப்பமிருந்தால் அவருக்கும் பயிற்சி கொடுக்கலாம். துணை சுகாதார நிலையத்தின் கிராம சுகாதார செவிலியரைத் தினமும் வரச் சொல்வது நடக்காது, அவருக்கு எத்தனையோ குக்கிராமங்கள். முதல் வாரம் வந்து பக்கத்தில் நிற்கச் சொன்னால் வருவார். பிள்ளைகளைப் பரிசோதிக்கும் அரசு மருத்துவக் குழுவான ஆர்.பி.எஸ்.கே. டீம் வருடத்துக்கு ஒரு முறை பள்ளிக்கு வரும். நோயைக் கண்டுபிடிக்கத்தான் அந்த வண்டி. மதிய ஊசிக்கு அதை நம்ப முடியாது.

வெளிநாட்டு நர்ஸ் கதைக்கு வருகிறேன். உண்மைதான். நியூயார்க்கில் 1902-ல் லினா ராஜர்ஸ் என்ற நர்ஸை நான்கு பள்ளிகளுக்குப் போட்டார்கள். கண்நோய், படை, பேன் என்று பிள்ளைகளை வீட்டுக்கு விரட்டிக்கொண்டிருந்த காலம். அப்படி விலக்கப்பட்டவர்கள் 1902 செப்டம்பரில் 10,567 பேர். அந்த ஏற்பாடு மற்றப் பள்ளிகளுக்கும் விரிந்த பிறகு, அடுத்த செப்டம்பரில் 1,101. நர்ஸ் ஒருவர் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். ஆனால் அதே அமெரிக்காவில், கலிஃபோர்னியாவில் போதுமான பள்ளி நர்ஸ்கள் இல்லாமல் சர்க்கரை நோயுள்ள பிள்ளைகள் தவித்தார்கள். மற்ற ஊழியர்கள் இன்சுலின் போடக் கூடாது என்று நர்ஸ்கள் சங்கம் வழக்குப் போட்டது. 2013 ஆகஸ்டில் அந்த மாநில உச்ச நீதிமன்றம், மருத்துவர் எழுதிக் கொடுத்து, பெற்றோர் சம்மதித்தால், பயிற்சி பெற்ற பள்ளி ஊழியர் போடலாம் என்று தீர்ப்புச் சொன்னது. அந்தப் பெண்ணின் அம்மா கேட்டது ஒன்றும் உலகத்தில் இல்லாத காரியம் அல்ல.

நம் அரசு பள்ளிகளுக்கு நர்ஸ் வேண்டுமா என்றால், வேண்டும். ஆனால் ஏற்காடு ஒன்றியத்துக்கு ஒரே ஒரு நர்ஸ் கொடுக்கிறோம், எங்கே போடலாம் என்று என்னைக் கேட்டால் உங்கள் பள்ளியைச் சொல்ல மாட்டேன். பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் போடச் சொல்வேன். உங்கள் பிள்ளைகள் சாயங்காலம் அம்மாவிடம் போய்விடுவார்கள். விடுதியில் இரவு இரண்டு மணிக்கு ஒரு பிள்ளைக்கு மூச்சு வாங்கினால் எழுப்ப வார்டனைத் தவிர ஆள் கிடையாது. உங்களைப் போன்ற சிறு பள்ளிகளுக்கு நாலைந்தைச் சேர்த்து ஒருவர் என்று கொடுத்தால் போதும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில், பாட்டியின் சர்க்கரை மாத்திரை வீட்டுத் திண்ணைக்கே வருகிறது. பேத்தியின் ஊசி மட்டும் பள்ளிப் பையில் அனாதையாகக் கிடக்கிறது. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது என்று ஆசிரியர் சங்கங்கள் கேட்கலாம். கற்பித்தல் அல்லாத வேலை வேண்டாம் என்ற கோரிக்கையோடு சேர்த்தே கேட்கலாம்.

வீசிங் பையன் விஷயம் சுலபம். பம்ப் அவன் பையிலேயே இருக்கட்டும், வாங்கி வைக்காதீர்கள். மூச்சு வாங்கும்போது அவனை உட்கார வைத்து, ஸ்பேசர் (பம்பின் வாயில் பொருத்தும் குழாய்) வழியாக ஒவ்வொரு அழுத்தாக, மருத்துவர் எழுதிய அளவு கொடுக்க வேண்டும். ஸ்பேசர் இல்லையென்றால் அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலின் அடியில் பம்பின் வாய் இறுக்கமாக நுழையும்படி ஓட்டை போட்டுக்கொள்ளலாம். அவசரத்துக்கு நன்றாகவே வேலை செய்யும். ஒரு வாக்கியத்தை முழுசாகப் பேச முடியவில்லை, உதடு நீலமாகிறது என்றால் காத்திருக்காமல் 108.

பாராசிட்டமாலில்தான் நீங்கள் கொஞ்சம் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும். கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்பது ஒரு வேளை அளவு. ஒன்றாம் வகுப்பில் 16 கிலோ இருக்கும் பிள்ளைக்கு அதிகபட்சம் 240. நீங்கள் 500 மாத்திரையை முழுசாகக் கொடுத்தால் இருமடங்கு. அதோடு, காலையில் அம்மா ஒன்று கொடுத்துத்தான் அனுப்பியிருப்பார். வேலைக்குப் போக வேண்டுமே. ஆகவே முதலில் போன். எப்போது கொடுத்தீர்கள் என்று கேளுங்கள், கொடுக்கச் சொன்னால் எடை பார்த்துக் கொடுத்து நோட்டில் எழுதுங்கள், யாராவது வந்து கூட்டிப்போகச் சொல்லுங்கள். போன வருடம் யாருக்கோ வாங்கி மீதியான இருமல் டானிக், ஆன்டிபயாடிக் எதுவும் முதலுதவிப் பெட்டியில் இருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். வேறு பிள்ளைகளுக்கு மதியம் மாத்திரை கொடுத்தனுப்பினால், காலை, இரவு என்று மாற்ற முடியுமா என்று மருத்துவரைக் கேட்டு வரச் சொல்லுங்கள், பெரும்பாலும் முடியும்.

அந்தப் பெண் ஐந்தாம் வகுப்பு என்கிறீர்கள். ஜூனில் வேறு பள்ளிக்குப் போய்விடுவாள். அங்கே காலை உணவு இருக்காது, விடுதியாகவும் இருக்கலாம். டி.சி. வாங்க அம்மா வரும்போது அந்த நோட்டையும் மருத்துவர் கடிதத்தையும் கூடவே கொடுத்து, புதுப் பள்ளித் தலைமையாசிரியரிடம் நீங்களே ஒரு முறை போனில் பேசிவிடுங்கள். பள்ளி திறக்கும் முதல் நாளுக்கு முன்னால் பேச வேண்டும், ஏனென்றால் முதல் நாளே அவளுக்கு மதியம் ஊசி உண்டு.